இருபத்தெட்டு நாள்

பாலும் ரொட்டியும் பூனைத் தீனியும்
வாங்கத்தான் போனேன்.
வியாழக்கிழமை, நடு வரிசை:
வெல்டிங் முகமூடிக்கும்
குதிரையேறுபவர்களின் காலுறைக்கும் இடையில்
மூலை நசுங்கிய கடைசிப் பெட்டி.
இருபதிலிருந்து அறுபது மடங்கு என்றது அட்டை.
அதில் அச்சிட்டிருந்த கழுகு
நான் வாங்கிவிடுவேன் என்று தெரிந்த முகத்தோடு
பார்த்துக்கொண்டிருந்தது.

நாற்பது பவுண்டுக்கு ஒரு காசு குறைவு.
பேருந்து ஓட்டுகிறவளுக்கு
மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.
கல்லாவில் ஹெலெத்
பீன்ஸ் டின்னைத் தள்ளிய அதே வேகத்தில்
தொலைநோக்கியையும் தள்ளினாள்.
"ரசீதைத் தொலைச்சுடாதீங்க,
இருபத்தெட்டு நாள்."

பறவைக் குடிலில் இட்வல் இருந்தார்.
அவருடைய ஆஸ்திரியக் கண்ணாடி
என் காரைவிட விலை கூடுதல்.
என்னுடையதில் ஒரு கண் வைத்து
"ம்" என்றார்.
நல்ல மனிதர். அதற்கு மேல் சொல்லவில்லை.

முப்பது மடங்குவரை உலகம் ஒழுங்காக இருக்கிறது.
நாற்பதில் ஒவ்வொரு பறவைக்கும்
ஊதாவில் கரை கட்டுகிறது.
அறுபதில் எல்லாம் பால்.
முக்காலி என் மூச்சுக்கே நடுங்கியது;
அதே கடையில் வாங்கிய
இரண்டரைக் கிலோ உருளைக்கிழங்கை
நடுக்கொக்கியில் தொங்கவிட்டேன்.
நின்றது.

ஒன்பதாம் நாள், கருவால் மூக்கன் ஒன்றின் காலில்
வளையம். எழுத்து பி-யா, எட்டா?
இரண்டையும் எழுதி ஐஸ்லாந்துக்கு அனுப்பினேன்.
அப்படி ஒரு பறவையே எங்களிடம் இல்லை என்று
மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது.

அப்போதே முடிவு செய்தேன்: திருப்பிக் கொடுத்துவிடலாம்.
ரசீது பைக்குள்தான்,
நாள்தான் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது.

இருபத்தாறாம் நாள் எனக்கு விடுப்பு.
கழிமுகத்தில் நீர் வடிந்து
சேறு ஈயம்போல் கிடந்தது.
பறவை எதுவும் அருகில் இல்லை.
சும்மா அக்கரையைப் பார்த்தேன்.
பென்க்ளாவ்ட் சாலை.
பதினோரு வருஷமாக நான் ஓட்டும் சாலை
ஒரு நூல் கனத்தில்.
அதில் என் பேருந்து,
வேறு யாரோ ஓட்டிக்கொண்டு,
சுவரோரம் நின்று, ஒருவரை இறக்கிவிட்டுப் போனது.

அந்த நடையை எனக்குத் தெரியும்.
ப்ராஸர்.
இரண்டு நிமிஷத் தாமதத்துக்குக்
கைக்கடிகாரத்தை என் கண்ணெதிரே தட்டிக் காட்டும் ப்ராஸர்.
நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் போட்டவர்.
எங்கள் டிப்போவில் அவர் பெயர் "மணிக்கூண்டு".

இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை.
கடல்சுவரில் உட்கார்ந்தார்.
உட்கார்ந்தே இருந்தார்.
என் தேநீர் ஆறி,
உருளைக்கிழங்கு மூட்டை காற்றில் இரண்டு சுற்று சுற்றி,
நாற்பது நிமிஷம்.
தண்ணீர்கூட இல்லாத கடலைப் பார்த்துக்கொண்டு.

வளைவு திரும்பியதும் என் பக்கக் கண்ணாடி
அவரை விட்டுவிடும்.
அதற்குப் பிறகும் அவர் இருப்பார் என்று
நான் யோசித்ததே இல்லை.

பிறகு எதையோ வாயருகே கொண்டுபோனார்.
ஆப்பிளா? மவுத் ஆர்கனா?
தோள் அசைந்த விதம் தின்பதுபோலவும் இல்லை.
நாற்பதுக்குத் திருகினேன்: ஊதா.
அறுபதுக்குத் திருகினேன்.
பால்.

இட்வலின் கண்ணாடியென்றால்
ஆப்பிளின் நிறமே தெரிந்திருக்கும்.
பக்கத்தில்தான் இருந்தார்; கேட்டிருந்தால் தந்திருப்பார்.
கேட்கவில்லை.
குழாயைச் சேற்றுப் பக்கம் திருப்பினேன்.
சிப்பிபிடிப்பான்கள் வந்திருந்தன,
முப்பது மடங்குக்கு அடங்கும் தூரத்தில்.

திங்கட்கிழமை அவர் ஏறினார்.
"மூன்று நிமிஷம்" என்றார், கடிகாரத்தைத் தட்டி.
"மன்னிக்கணும், மிஸ்டர் ப்ராஸர்."
கோட்டுப் பை புடைத்திருந்தது.
பார்க்கவில்லை.
பார்த்தேன், ஆனால் இருபது மடங்கில்கூட இல்லை.

ரசீது இன்னும் பையில் இருக்கிறது.
வெப்பத்தாளில் அச்சிட்டது;
தேதி இப்போது
பி-யா எட்டா என்று தெரியவில்லை.
உருளைக்கிழங்கில் முளை விட்டிருக்கிறது,
வேறு மூட்டை வாங்க வேண்டும்.